மாவட்ட மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்பு ஒன்று அடுத்த மூன்று ஆண்டுகளில் அணுகல் வசதிக்காக எந்த வேலையைக் கையில் எடுக்க வேண்டும்?

எங்கள் மாவட்டத்திலும் சில சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகிறோம். எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. வலது காலில் கேலிப்பர் என்கிற தாங்கு கருவி, கையில் ஊன்றுகோல். போன மாதம் இதே கேள்வியை வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசினோம். அங்கே நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கட்டி முடித்த பிறகு மனு கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, கட்டத் தொடங்கும் முன்பே போய் நிற்க வேண்டும்.

ஏன் என்றால், ஓர் அரசு அலுவலகத்தில் சாய்தளம் கேட்டு இரண்டு வருடம் மனு கொடுத்தோம். ஒருவழியாகக் கட்டினார்கள். மறுநாளே டேப் எடுத்துக்கொண்டு போனோம். வாசலில் மூன்று படி, மொத்தம் 18 அங்குல உயரம். ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு. அப்படியென்றால் சாய்தளம் 18 அடி இருக்க வேண்டும். இருந்ததோ 6 அடி. எங்கள் தோழி சக்கர நாற்காலியில் பாதி ஏறும்போதே முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினார். கட்டிய மேஸ்திரியும் அங்கேதான் இருந்தார். "இந்தக் கணக்கை யாருமே சொல்லலையேம்மா, சொல்லியிருந்தா சுவர் ஓரமாத் திருப்பி நீளமா இழுத்திருப்பேனே" என்றார். அவர் மனம் வருந்தித்தான் சொன்னார். அதை உடைத்துக் கட்ட இன்றுவரை நிதி வரவில்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது; பின்பற்றாமல் கட்டினால் பணி நிறைவுச் சான்றும் தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45ஆம் பிரிவு கொடுத்தது, விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு. விதிகள் வந்தது 2017 ஜூனில், ஆக அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில், பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் அணுகல் தரங்களைச் சொல்லும் 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமாகச் செய்ய வேண்டியவற்றைத் தனியாக வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, போகும் அலுவலகங்களில் எல்லாம் கொடுங்கள்.

அப்புறம், கட்டடம் கட்டடமாகப் பார்ப்பதை விட்டு, ஒரு பயணத்தை முழுசாக எடுத்துப் பாருங்கள். ஒருவர் வீட்டிலிருந்து கிளம்பி அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கித் திரும்பும் வரை. சென்னையில் நீதிமன்றம் வரை போய்ப் போராடித்தான் தாழ்தளப் பேருந்துகள் வந்தன; 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கின. ஆனால் பேருந்து நடைமேடையை ஒட்டி நிற்காமல் சாலை நடுவில் நின்றால், கதவிலிருந்து இறக்கும் பலகை செங்குத்தாகிவிடும். வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் நடைபாதையே இல்லையென்றால் அந்தப் பேருந்தால் என்ன பயன்? நாங்கள் ஒரு முறை நான்கு பேராகப் போனோம்: ஊன்றுகோலோடு நான், சக்கர நாற்காலியில் ஒருவர், வெள்ளைக்கோலோடு ஒருவர், காது கேளாத தம்பி ஒருவர். மருத்துவமனையில் சாய்தளம் நன்றாகவே இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் டோக்கன் எண்ணை வாயால்தான் கூப்பிட்டார்கள். தம்பி ஒன்றரை மணி நேரம் அந்த நர்ஸின் உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை அவன் எண் போய்விட்டது. சாய்தளம் மட்டும்தான் அணுகல் வசதி என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பராமரிப்புக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்குங்கள். மெரினாவில் சக்கர நாற்காலியில் கடல் பக்கம் வரை போக மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். முதல்முறையாக அலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அழுததை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள், நல்லது. நம் ஊர்ச் சாய்தளத்தின் நடுவில் யாரோ பைக்கை நிறுத்தினால், கைப்பிடி கழன்றால், யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் சரியாகும் என்பதை அலுவலகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றியது. கிராம ஊராட்சிகளும் இதில் அடக்கம். அப்படி உள்ளே போகிறவருக்கு வரைபடம் படிக்கவும், மதிப்பீட்டில் சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் பணம் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கவும் யார் கற்றுக்கொடுப்பது? கூட்டமைப்புதான் கற்றுக்கொடுக்க வேண்டும். என் கணக்கில் அடுத்த மூன்று ஆண்டின் பாதி உழைப்பு இதற்கே போக வேண்டும்.

உங்கள் கூட்டங்களையும் மறந்துவிடாதீர்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். அறிக்கையை ஸ்கேன் செய்த படமாக அனுப்பினால் பார்வையற்ற தோழர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அதைப் பெரும்பாலும் சரியாகப் படிக்காது. யூனிகோட் எழுத்தாகவே அனுப்புங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக அவர்களின் பெற்றோர் மட்டுமே பேசும் நிலையையும் மெல்ல மாற்ற வேண்டும்.

முதல் மாதம் என்ன செய்வது என்று கேட்டால், உங்கள் ஊரில் அடுத்து வரப்போகும் ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள். பேருந்து நிலையமோ பள்ளியோ, எதுவானாலும் சரி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தின் நகல் கேட்டு இப்போதே மனு போடுங்கள். கையில் கிடைத்ததும் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். கதவு திறந்தால் 90 சென்டிமீட்டர் வழி இருக்கிறதா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, உள்ளே நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா. இல்லையென்றால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பொறியாளரைப் போய்ப் பாருங்கள்.