நேர்கோட்டை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் சிட்னியிலிருந்து பெர்த்துக்கு இந்தியன் பசிபிக் ரயிலில் வந்தேன். நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. 1901இல் காகிதத்தில் ஒன்றான ஆஸ்திரேலியாவை 1917இல் நிஜமாகவே ஒன்றாக்கியது இந்தப் பாதைதான் என்று உடன் வந்த வழிகாட்டி சொன்னபோது சிலிர்த்துவிட்டது. அவ்வளவு நேராக எப்படிப் போட்டார்கள்? ஒரு ரயில் பாதை தேசத்தை இணைத்துவிடும் என்று நீங்களும் நம்புகிறீர்களா?

ர., பெர்த்

அன்புள்ள ர.,

நீராவி எஞ்சின்களின் தண்ணீர்க் கணக்கு சில வாரங்களாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

நேராகப் போட்டதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. குறுக்கே மலை இல்லை, ஆறு இல்லை, ஊர் இல்லை. கருவியில் பார்த்து முளை அடித்துக்கொண்டே போகவேண்டியதுதான். அங்கே வளைப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும். இதை விட்டுவிடலாம்.

அந்த வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே நீங்கள்! 1917 அக்டோபர் 17 அன்று ஊல்டியாவில் இருபக்கத் தண்டவாளங்களும் சேர்ந்தது உண்மை. அதன்பின் பெர்த்திலிருந்து பிரிஸ்பேனுக்கு அனுப்பிய மூட்டை எப்படிப் போயிற்று? கல்கூர்லி வரை இரு தண்டவாளங்களுக்கும் இடையே மூன்றரை அடி அகலமுள்ள பாதை. அங்கே இறக்கி, போர்ட் அகஸ்டா வரை நாலடி எட்டரை அங்குலம். மறுபடி இறக்கி, டெரோவி வரை மூன்றரை அடி. பிறகு அடிலெய்டு, மெல்பர்ன் வழியாக ஆல்பரி வரை ஐந்தடி மூன்றங்குலம். சிட்னி தாண்டி வாலங்காரா வரை நாலடி எட்டரை. கடைசியில் திரும்பவும் மூன்றரை. அகலம் மாறும் இடம் மட்டும் ஐந்து; ஐந்திலும் இறக்கி ஏற்ற வேண்டும். சிட்னியில் ஏறியவர் அதே ரயிலில் பெர்த்தில் இறங்கியது 1970 பிப்ரவரியில்தான். இணைந்த தேசத்தின் லட்சணம் இது. ரயில் வரும் என்ற நம்பிக்கையில்தான் மேற்கு ஆஸ்திரேலியா கூட்டமைப்பில் சேர்ந்தது, ரயிலும் வந்தது. அரசியல்வாதிகள் வாக்கைக் காப்பாற்றினார்கள் என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். 1917இல் முடிந்த பாதை போர்ட் அகஸ்டாவிலிருந்து கல்கூர்லி வரை 1,693 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் வற்றாத நன்னீர் ஆறு ஒன்றைக்கூட அந்தப் பாதை கடக்கவில்லை. நல்லர்பார் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற கொஞ்ச மழையும் வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கிவிடும். ஆழ்துளை போட்டால் தண்ணீர் வரும், ஆனால் உப்பு. சரி, உப்புத் தண்ணீரையே எஞ்சினுக்கு ஊற்றினால் என்ன? நீராவி போய்விடும், உப்பு போகாது. கொதிக்கக் கொதிக்கக் கொதிகலனில் உப்பின் செறிவு ஏறும். தண்ணீரில் சுண்ணமும் இருந்தால், வீட்டுக் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு குழாய்களின் மேல் கட்டும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கும். குழாய் பழுக்கும், கசியும்.

நுரை அதைவிட மோசம். செறிந்த உப்பு நீர் பால் பொங்குவதுபோலப் பொங்கி, நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். நீராவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் வந்து இடித்தால் சிலிண்டரின் மூடியே பிளக்கும். நீர்மட்டக் கண்ணாடியும் பொய் சொல்லும். பாதிக்கு மேல் நிற்பதாகக் காட்டும். டிரைவர் நீராவியை அடைத்ததும் நுரை அடங்கி மட்டம் சட்டென்று இறங்கும். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு நீருக்கு வெளியே தெரிந்துவிட்டால் எல்லாருக்கும் ஆபத்து. தண்ணீரில் சலவைச் சோடா கலந்தால் சுண்ணம் வண்டலாகிக் கீழே தங்கும், ஆனால் சாதா உப்பை அது தொடாது. நுரையைக் கூட்டவும் செய்யும். மிஞ்சியிருக்கும் வழி, அடி வால்வைத் திறந்து உப்பேறிய வெந்நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஏற்றுவது. அதாவது தண்ணீரே இல்லாத ஊரில் தண்ணீரைத் தரையில் கொட்டுவது!

அதனால் நல்ல தண்ணீரை ரயிலே சுமந்தது. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஆறு டன் தண்ணீர் போல ஆவியாகும். எஞ்சினுக்கான தண்ணீரே ரயில் சுமையில் ஏறக்குறைய பாதி என்று கணக்கு. சரக்கை விட்டுவிட்டுத் தன் தாகத்தை இழுத்துக்கொண்டு ஓடிய ரயில் அது. கட்டும்போதும் இதே பாடுதான். கிலோமீட்டருக்குச் சுமார் 1,500 ஸ்லீப்பர் கட்டை, மொத்தம் 25 லட்சம். கட்டையும் தண்டவாளமும் ஆட்களின் குடிநீரும் போட்டு முடித்த பாதை வழியாகவே முனைக்குப் போகவேண்டும். பாதை நீள நீள, தண்ணீர் வரும் தூரமும் நீண்டது. 1951இல் டீசல் எஞ்சின்கள் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை விட்டது.

ஊல்டியா பெயரை மேலே சொன்னேன். தண்டவாளம் சேர்ந்த இடம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே மணல்மேட்டுக்கு அடியில், ஒரு களிமண் தட்டின்மேல், மழைநீர் தங்கி நிற்கும் ஊற்று ஒன்று இருந்தது. அதை நம்பித் தொல்குடியினர் பல திசைகளிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து கூடினார்கள். ரயில்வே கிணறு மேல் கிணறாக வெட்டி எஞ்சினுக்கு இறைத்தது. துளைகள் களிமண் தட்டைத் தாண்டியதும் கீழேயிருந்த உப்பு மேலே வந்தது. 1926இல் ரயில்வே அந்த ஊற்றைக் கைவிட்டது. யாரை யாரோடு இணைத்தார்கள் என்று அந்த வழிகாட்டி உங்களிடம் சொன்னாரா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சிலிர்ப்பைக் கெடுப்பது என் நோக்கமல்ல. அடுத்த முறை போகும்போது கல்கூர்லியில் ரயில் நிற்கும். இறங்கிக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். 1903 முதல் உங்கள் ஊர்ப் பக்கத்து முண்டாரிங் அணையிலிருந்து 530 கிலோமீட்டர் குழாய்வழியே மேடேறி வருகிற தண்ணீர் அது.