படகுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் ரூ.1,65,000. வீட்டுக்கடன் தவணை உட்படச் செலவு ரூ.1,10,000. பிள்ளைகள் படிப்புக்காக எஸ்.ஐ.பி. ரூ.25,000 போகிறது. கையிருப்பு என்றால் ரூ.4 லட்சம் எஃப்.டி. மட்டும்தான். பையன் ஒன்பதாம் வகுப்பு, பெண் ஐந்தாம் வகுப்பு. என் தாத்தா ஊர் பழவேற்காடு. சிறு வயதில் அவரோடு ஏரியில் தூண்டில் போட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. கோவளம் பக்கம் ஒருவர் 17 அடி ஃபைபர் படகை, 60 ஹெச்.பி. அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும்) இன்ஜினோடு, ரூ.6.5 லட்சத்துக்குத் தருகிறார். புதிதாக வாங்கினால் 40% ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், இது அடிமாட்டு விலை என்கிறார். வாரக் கடைசியில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் மீன் பிடிக்கலாம், பிள்ளைகளை டியூபில் உட்கார வைத்து இழுக்கலாம் என்று ஆசை. படகை நிறுத்தி வைக்க மாதம் ரூ.5,000 கேட்கிறார்கள். எஃப்.டி.யை உடைத்து, மீதி ரூ.2.5 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? மனைவி யோசிக்கச் சொல்கிறார். படகில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பதில்: தாத்தாவோடு தூண்டில் போட்டதை உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைக்கிறீர்கள். அதற்குச் செலவு செய்வதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் படகை, இந்த விலைக்கு, இந்தப் பணத்தில் வாங்காதீர்கள். காரணம் பணத்திலிருந்து தொடங்கவில்லை, தண்ணீரிலிருந்து தொடங்குகிறது.

எந்த ஏரியில் ஓட்டப்போகிறீர்கள்? கடிதத்தில் 'சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள்' என்று மட்டும் இருக்கிறது. புழல், சோழவரம், செம்பரம்பாக்கம், பூண்டி எல்லாமே நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்கள். அங்கே பெட்ரோல் இன்ஜினை இறக்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஊர் ஏரிகள் பலவற்றில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். ஏலம் எடுத்தவர் சம்மதம் இல்லாமல் தூண்டில் போட்டால்கூடத் தகராறுதான். முட்டுக்காடு உப்பங்கழியில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் ஓடுகின்றன. நம் படகை அங்கே கொண்டுபோய் இறக்குவது வேறு சங்கதி, முறையான அனுமதி வேண்டும்.

மிஞ்சுவது உங்கள் தாத்தாவின் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பார்க்கக் கடல்போல இருந்தாலும் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். உங்களுக்கே தெரிந்திருக்கும், பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். 60 ஹெச்.பி. இன்ஜினின் புரொப்பல்லர் அங்கே சேற்றைக் கடையும். ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். பூநாரை இறங்கும் இடத்தில் டியூப் இழுத்துக்கொண்டு சத்தம் போடுவது சட்டப்படியும் கூடாது, மனசாட்சிப்படியும் கூடாது. இன்னொன்று, அங்கே மீனவர்களிடம் 'பாடு' முறை இருக்கிறது. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை. வெளியிலிருந்து வேகப்படகோடு போகிறவர் அதற்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. தாத்தாவின் ஊர்க்காரர்களிடம் முதலில் பேசுங்கள்.

ஆகவே விற்பவரிடம் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'இதுவரை இந்தப் படகு எந்தத் தண்ணீரில், யார் அனுமதியில் ஓடியது?' பதில் தடுமாறினால் இன்ஜினைப் பார்க்கவே தேவையில்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது 2021-இன் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு நீரில் ஓடும் மோட்டார் படகுக்கு ஆய்வுச் சான்று, பதிவு, காப்பீடு மூன்றும் வேண்டும். ஓட்டுபவரின் தகுதிச் சான்று பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடிப் படகாகப் பதிவாகியிருக்கும் ஃபைபர் போட்டை வாங்கிக் குடும்பத்தை ஏற்றிச் சுற்றுவதும் சரிவராது. அந்தப் பதிவு தொழிலுக்கானது. விபத்து என்று வரும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டுவது இந்தக் காகிதத்தைத்தான்.

சரி, தண்ணீர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு.

நிறுத்தும் வாடகை வருடத்துக்கு ரூ.60,000. பழைய இன்ஜினுக்கு சர்வீஸ், உதிரிபாகம் ரூ.30,000. காப்பீடு ரூ.12,000. ஐந்து வருடம் கழித்து ரூ.4 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் வருடத்துக்கு ரூ.50,000. ரூ.6.5 லட்சம் 7% வட்டியில் வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கும் ரூ.45,500. ஒருநாள்கூடத் தண்ணீரில் இறங்காமலே ரூ.1,97,500 ஆகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு முறை போகும்போதும் பெட்ரோல், ஆயில் ரூ.2,500, இறக்கி ஏற்ற ஆள்கூலி ரூ.1,500. பெட்ரோல் செலவை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முழு வேகத்தில் 60 ஹெச்.பி. அவுட்போர்டு மணிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். பாதி நேரம் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்தே மூன்று மணி நேரத்துக்கு 24 லிட்டர் என்று போட்டேன்.

வருடத்தில் 20 நாள் போனால் மொத்தம் ரூ.2,77,500, அதாவது ஒரு நாளைக்கு ரூ.13,875. பத்து நாள்தான் போக முடிந்தது என்றால் ஒரு நாள் ரூ.23,750. நாற்பது நாள் போனால் ரூ.9,000-க்குக் கொஞ்சம் கீழே இறங்கும். படகு மலிவா, விலை அதிகமா என்பதை விற்பவர் சொல்லும் தொகையை வைத்து முடிவு செய்ய முடியாது. நீங்கள் எத்தனை நாள் போவீர்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

வருடத்தில் 52 ஞாயிறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எட்டு போய்விடும். முகூர்த்த ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து. பையன் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை டியூஷன். மே மாத வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் குழந்தைகளைத் தண்ணீரில் வைத்திருக்க முடியாது. இதையெல்லாம் ஒரு காலண்டரில் குறித்துப் பார்த்தீர்களா? பல வருடங்களுக்கு முன் நானும் மூன்று நண்பர்களும் பங்கு போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினோம். முதல் வருடம் ஆறு முறை போனோம். இரண்டாம் வருடம் ஒருவருக்கு பெங்களூருக்கு மாற்றல், ஒருவருக்கு அப்பா உடம்பு சரியில்லை. படகு சவுக்குத் தோப்பில் கிடந்து, மழைநீர் தேங்கி, பாதி விலைக்குப் போனது. நால்வருக்குமே ஆசை உண்மையானதுதான். நாட்கள்தான் கிடைக்கவில்லை.

கடனுக்கு வருகிறேன். ரூ.2.5 லட்சம், 12% வட்டி, மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.8,300. தாங்கக்கூடியதுபோலத் தெரியும். ஆனால் வாடகை, சர்வீஸ், காப்பீடு, பெட்ரோல் என்று கையிலிருந்து போவது மாதம் இன்னொரு ரூ.15,000. உங்களிடம் எல்லாச் செலவும் போக மிஞ்சும் ரூ.30,000-இல் ரூ.23,000-க்கு மேல் படகே எடுத்துக்கொள்ளும். அதே நேரத்தில் எஃப்.டி.யும் கரைந்திருக்கும். உங்கள் செலவுக்கு ஆறு மாதக் கையிருப்பு என்றால் ரூ.6.6 லட்சம் வேண்டும், இப்போது இருப்பதே ரூ.4 லட்சம். அந்தப் பணம் ஒரு வேலை இழப்பையோ ஒரு ஆபரேஷனையோ தாங்குவதற்காக இருப்பது. மனைவி யோசிக்கச் சொன்னது முற்றிலும் நியாயம்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் விற்பவர் சொல்வது பொய்யில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு வரி 40%. தனிநபரிடம் பழையது வாங்கும்போது அந்த வரி இல்லை. ஆனால் புதிய படகின் வரியைக் காட்டிப் பழைய படகின் விலையை நியாயப்படுத்த முடியாது. பழைய படகுக்கு விலை என்பது அதில் மிச்சமிருக்கும் ஆயுளுக்குத்தான்.

அந்த ஆயுளை எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தப் படகை விட்டாலும் அடுத்ததற்கு உதவும். பழைய படகில் பணம் முழுவதும் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது: இன்ஜின், அதை மாட்டியிருக்கும் பின்பலகை. போனதும் இன்ஜின் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆவதைப் பார்ப்பதுதான் சோதனை. ஓடும்போது, இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நூல்போல விடாமல் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) போயிருக்கலாம், அல்லது உள்ளே உப்பு அடைத்திருக்கலாம். எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று 10%-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலகிவிடுங்கள். கீழே கியர் ஆயில் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு விரலில் எடுங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. நாங்கள் வாங்கிய படகில் இதைத்தான் பார்க்காமல் விட்டோம். நாலாவது மாதம் கியர் பெட்டியே மாற்ற வேண்டியதாயிற்று.

பின்பலகையை மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஃபைபருக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். நல்ல பலகை 'டங்' என்று பதில் சொல்லும், ஊறிப்போனது 'பொத்' என்னும். இன்ஜினைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், பலகை நெளியக் கூடாது. போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்புக் கசிவு இருந்தாலும் அதே சந்தேகம்தான். பெயின்ட் புதிதாக அடித்த படகில் இருமடங்கு கவனமாக இருங்கள்.

கடைசியாக அரைமணி நேரம் தண்ணீரில், உங்கள் குடும்ப எடையை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். கரையில் டிரம்மில் வைத்து ஓட்டிக் காட்டுவது போதாது. இன்ஜினின் வரிசை எண்ணும் பில்லும் ஒத்துப்போக வேண்டும், இறக்குமதி இன்ஜின் என்றால் சுங்கக் காகிதம் வேண்டும். கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தினமும் அவுட்போர்டு பிரிக்கிறவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலியைவிட லாபமான முதலீடு இந்த விஷயத்தில் இல்லை. அவருக்குக் கை பழகிய இன்ஜின் என்றால்தான் உங்களுக்கு உதிரிபாகமும் கிடைக்கும், நாளை விற்கவும் முடியும்.

இனி என்ன செய்யலாம்? உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. அமைதியாக மீன் பிடிப்பது ஒன்று, வேகமாக டியூப் இழுப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே படகில் ஏற்றுவதால்தான் 17 அடியும் 60 ஹெச்.பி.யும் தேவைப்படுகிறது. பிரித்துவிடுங்கள். நீர் விளையாட்டை வாடகைக்கு எடுங்கள். முட்டுக்காடு, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இன்னும் தள்ளி முதலியார்குப்பம் என்று படகு இல்லங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு முறை போனாலும் படகு வைத்திருக்கும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். மீன் பிடிக்க 14 அடிப் படகும் சின்ன இன்ஜினும் போதும், ஆழமில்லாத ஏரிக்கு அதுவே பொருத்தம். தாத்தா ஊரில் உறவினர் இடத்தில் நிறுத்த முடிந்தால் வாடகையும் மிச்சம்.

அதற்கான பணத்தை இந்த மாதமே சேர்க்கத் தொடங்குங்கள். மிஞ்சும் ரூ.30,000-இல் ரூ.15,000 படகுக்கென்று தனி ஆர்.டி., மீதி ரூ.15,000 கையிருப்பைப் பெருக்க. பதினெட்டு மாதத்தில் ஆர்.டி. வட்டியோடு ரூ.2.8 லட்சத்தைத் தாண்டும், கையிருப்பும் ரூ.6.6 லட்சத்தை எட்டிவிடும். கடன் இல்லை, எஃப்.டி. உடையவில்லை, எஸ்.ஐ.பி. நிற்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான்கு பேருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட்டை இப்போதே வாங்குங்கள், பெண்ணுக்குக் குழந்தைகள் அளவு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாடகைப் படகில் போகும்போதும் சொந்த ஜாக்கெட்டைப் போட்டே ஏறுங்கள். பிள்ளைகள் இருவரும் நீச்சல் வகுப்பில் சேரட்டும், அந்தக் கட்டணத்தையும் படகுச் செலவாகவே எழுதுங்கள்.

கோவளம்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். அதற்குப் பதில் இந்த ஞாயிறு பிள்ளைகளோடு பழவேற்காடு போய், தெரிந்த மீனவர் ஒருவரின் படகை அரைநாள் பேசி எடுத்துக்கொண்டு, தூண்டில் போட்டுவிட்டு வாருங்கள். தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தண்ணீருக்குப் போகும் ஒவ்வொரு நாளையும் இப்படியே குறித்து வாருங்கள். அடுத்த பதினெட்டு மாதத்தில் அந்த நோட்டில் 25 தேதிகளாவது சேர்ந்திருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த 14 அடிப் படகின் விலையைப் பேசுவதற்கு உட்காருவோம்.