மதங்களை ஆராய்பவர் அவற்றில் சரி தவறு சொல்லலாமா?

இப்படிக் கேட்கும் நீங்கள் ஆய்வு மாணவராகத்தான் இருப்பீர்கள். நெறியாளர் 'நடுநிலையா எழுதுங்க' என்று அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். நான் மாட்டிக்கொண்டது வேறிடத்தில்.

1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மதவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட் காட்டிய வழியில்தான் நானும் போனேன்: சாமி உண்டா இல்லையா என்ற பேச்சே வேண்டாம், கும்பிடுகிறவர் என்ன செய்கிறார் என்று பார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயிலில் கொடை, அதாவது கோயில் திருவிழா. கிடா வெட்டைப் பற்றி நான் எழுதியது, 2003இல் அரசு 1950ஆம் வருடச் சட்டத்தைத் தூசு தட்டித் தடுத்ததும் 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்கியதும் மட்டும்.

மதியமே, மாடன் வந்து இறங்கும் சாமியாடியான கோமரத்தாடியிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். நள்ளிரவில் சாமி வேட்டை என்ற சடங்குக்குப் போய்த் திரும்பியவர், அருள் இன்னும் விலகாத நிலையிலேயே, ஓர் ஆச்சிக்குத் திருநீறு பூசி, காதருகே குனிந்து அவர் வீட்டு விஷயம் ஒன்றைச் சொன்னார். மேளம் நின்றிருந்த நேரம். இரண்டடி தள்ளியிருந்த என் ரெக்கார்டரில் தெளிவாகப் பதிந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் போட்டேன். பெயரை மாற்றினேன், ஊரையும் கோயிலையும் மாற்றவில்லை. ஆய்வேடுகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் ஷோத்கங்காவில் என்னுடையதும் ஏறியது. ஆச்சியின் பேரன் படித்துவிட்டான்.

பிறகொரு கொடைக்குப் போனபோது ஆச்சி கேட்டார்: "அது எனக்கும் மாடனுக்கும் உள்ள பேச்சுல்லா. நீ எதுக்கு நடுவுல வந்த?"

கோமரத்தாடியோ, "எனக்கு ஒண்ணும் நினைவில்லையே" என்றார். அப்போதுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டது அவர். அந்த ஊர்க் கணக்கில் பேசியது மாடன். பேசியதும் அவர்தான் என்று நான் சொன்னால் நடுநிலை போச்சு. மாடன் என்றால் என் கையில் யாருடைய அனுமதியும் இல்லை. ஆச்சியிடம் கேட்கவே தோன்றவில்லை என்பது தனி வெட்கம்.

'சாமியாட்டமே நடிப்பு' என்று கமெண்டுக்கு வருவீர்கள், வாருங்கள். நடிப்பாகவே இருக்கட்டும், ஆச்சியின் வீட்டு விஷயம் நிஜம்.

வாய்மொழித் தேர்வில் இதை ஒருவரும் கேட்கவில்லை. மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்றுதான் இருபது நிமிடம். 'ஆய்வில் அறம்' என்று கருத்தரங்கம் நடத்திய அதே துறை என் உதவித்தொகையைப் பதினான்கு மாதம் இழுத்தடித்தது. சரி, அது வேறு கதை.

அந்தப் பக்கங்களை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிவை ஆச்சி கண்முன்னாலேயே அழித்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.