பனந்தும்பு சேர்த்தால் மக்கும் பிளாஸ்டிக் பலமாகுமா?

கிளிநொச்சியில இருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பலமாகும் தம்பி, ஆனால் தும்பும் பிளாஸ்டிக்கும் நல்லா ஒட்டவேணும். எல்லாம் அதிலதான் இருக்கு.

சோள மாச்சத்தில செய்யிற பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக் விறைப்பானது, வளைச்சால் சட்டென்று முறியும். ஒட்டின தும்பு இழுவையைத் தாங்கி, வெடிப்பு ஓடாமல் மறிக்கும். ஆனால் தும்பு ஈரத்தை இழுக்கும், பிளாஸ்டிக் ஈரத்தோட சேராது. அதனால தும்பை ஐதான காஸ்டிக் சோடாக் கரைசலில ஊறவைச்சுக் கழுவுங்கோ (கையுறை கட்டாயம்). மெழுகு கழன்று, மேற்பரப்பு சொரசொரப்பாகும். பிறகு நல்லாக் காயவிடுங்கோ; ஈரம் மிஞ்சினால் உருக்கேக்க பிளாஸ்டிக்கின்ர மூலக்கூற்றுச் சங்கிலியே அறுந்துபோகும். சூடு 200 பாகை செல்சியஸைத் தாண்டவிடாதேங்கோ, தும்பு கருகும்.

வார்த்த துண்டை முறிச்சுப் பாருங்கோ. தும்பு வழுவழுப்பா உருவி வெளியில நீட்டிக்கொண்டு நின்றால், இன்னும் ஒட்டேல்லை.