ஆச்சி பேச்சைப் பழக்க ஜிபியு: வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா?

கேள்வி: எங்கள் ஆச்சி கதை சொல்வதை 6 மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடல், 'சொளவு', 'வாரியல்' என்றெல்லாம் ஆச்சி சொன்னால் வேறு எதையோ எழுதுகிறது. அதை எங்கள் ஊர்ப் பேச்சுக்குப் பழக்க ஆசை. லேப்டாப்பில் ஜிபியு (மாடலைப் பழக்கத் தேவைப்படும் கிராபிக்ஸ் கார்டு) இல்லை. மாதம் 500 ரூபாய்தான் முடியும். பழைய கார்டு வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: கார்டு வேண்டாம். லேப்டாப்புக்குள் அதைப் பொருத்த முடியாது. தனிக் கணினி, பவர் சப்ளை என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். வாடகைக்கும் இப்போதே போகாதீர்கள். விஸ்பரின் 'ஸ்மால்' மாடலைப் பழக்க 16 ஜிபி நினைவகம் உள்ள டி4 கார்டு போதும். இணையம் வழியே அவர்கள் கணினியில் நம் நிரலை ஓட்டவிடும் கூகுள் கோலாப், காகிள் தளங்களில் அது இலவசம். கோலாபில் கார்டு எப்போது கிடைக்கும், எப்போது பாதியில் போகும் என்று சொல்ல முடியாது. காகிளில் போன் எண்ணை உறுதி செய்தால் வாரம் சுமார் 30 மணி நேரம் கிடைக்கும். அங்கேயே தொடங்குங்கள்.

பிசான நெல் அறுப்புக்கு மெஷினை மணிக்கணக்கில்தானே பேசுவார்கள்? வயல் காயும் முன்னே யாரும் கூப்பிடுவதில்லை. இதுவும் அப்படித்தான்: முதலில் பதிவைத் தயார் செய்ய வேண்டும், ஜிபியு அப்புறம்தான். விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். பதிவை அதற்குள் அடங்கும்படி வெட்டி, ஆச்சி சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். 'சொளவு' என்றால் 'சொளவு'தான். 'முறம்' என்று திருத்திவிடாதீர்கள். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் பலனெல்லாம் இதில்தான் இருக்கிறது. இதற்கு ஜிபியு தேவையே இல்லை.

அப்புறமும் இலவசக் கார்டு போதவில்லை என்றால், கார்டை வாடகைக்கு விடும் வாஸ்ட்.ஏஐ, ரன்பாட் போன்ற இடங்களில் 24 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3090 பெரும்பாலும் மணிக்கு அரை டாலருக்குள் கிடைக்கும். முன்பணம் குறைந்தது எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே திறந்துவிட வேண்டியிருக்கும். டாலர் மாற்றக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு முறை நான் வேலை முடிந்ததும் 'ஸ்டாப்' மட்டும் அழுத்திவிட்டு பாபநாசம் கிளம்பிவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் கட்டிய பணம் கரைந்துகொண்டிருக்கிறது. ஜிபியு நின்றாலும், நம் கோப்புகள் இருக்கும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும் என்று அன்றுதான் தெரிந்தது. பழகிய மாடலை முதலில் உங்கள் லேப்டாப்பில் இறக்குங்கள், திறந்து சரிபாருங்கள், பிறகு மெஷினையே 'டெலிட்' செய்யுங்கள்.

இன்னொன்று. ஆச்சியின் பதிவை எங்கே ஏற்றினாலும் 'பிரைவேட்' என்றே வையுங்கள். ஆச்சி உங்களை நம்பிச் சொன்ன கதை அது.