புக்கு விக்கல, எழுதாமயும் இருக்க முடியல... எனக்கு ஏதாச்சும் பிரச்சனையா மேடம்?

வணக்கம் மேடம்,

எனக்கு வயசு 38, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ரெண்டு பசங்க. பகல் பூரா பையர் மெயில், சாம்பிள் அப்ரூவல், ஷிப்மெண்ட் லேட்டானா யார் தலையில கட்டறதுங்கற பஞ்சாயத்துன்னு போயிருமுங்க. ராத்திரி எல்லாரும் படுத்தப்பறம் போன்ல கதை எழுதுவேன், கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இந்தப் பழக்கம்.

போன வருஷம் ஒரு நாவல் புக்கா வந்துச்சு. பனியன் கம்பெனியில டெய்லருக்குக் கைமடியா (கூட நின்னு ஒத்தாசை பண்றவ) நிக்கற ஒரு பொண்ணோட கதை. முப்பதாயிரம் குடுத்தா போட்டுத் தர்றோம்னு பதிப்பகத்துல சொன்னாங்க, சீட்டுப் பணத்தை எடுத்துக் குடுத்தேன். விலை 250 ரூபா, வித்தா பத்து பர்சென்ட் ராயல்டி, அதாவது ஒரு புக்குக்கு 25 ரூபா. இன்னும் கையில ஒண்ணும் வரலீங்க. சொந்தக்காரங்க எல்லாம் சும்மா வாங்கிட்டுப் போனாங்க, யாரும் படிக்கல, படிச்ச ஒரே ஆள் எங்க சின்ன மாமியார், அவங்களும் "அதுல வர்ற வட்டிக்கு விடற கிழவி நான்தானே"ன்னு பேச்சை நிறுத்திட்டாங்க (அவங்க இல்லீங்க, சத்தியமா).

வீட்டுக்காரர் கெட்டவர் இல்ல. ஆனா "இதுக்கு முழிக்கற நேரத்துல நிம்மதியா தூங்கினாலாவது உடம்பு தேறும், இதுல என்ன வருது?"ன்னு கேக்கறாரு, பதில் சொல்லத் தெரியல. கவிஞர் சல்மா பாத்ரூம்ல ஒளிஞ்சு உக்காந்து எழுதினாங்கன்னு படிச்சிருக்கேன், அவங்க எழுதினது இலக்கியம், நான் யாரு? விட்டுரலாம்னு போன்ல இருந்த எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன். அப்புறம் ஒரு நாள் பஸ்ல பின் சீட்ல ரெண்டு பொம்பளைங்க "அவ அழுகறதுக்குக் கூட லீவு போட மாட்டா"ன்னு பேசிக்கிட்டாங்க, கை தானா போனை எடுத்து டைப் பண்ணிருச்சு. ஒரு பைசா வராத ஒண்ணை ஏன் மேடம் விட முடியல? இது ஒரு அடிக்‌ஷனா?

— ஒரு வாசகி, திருப்பூர்

வணக்கம்மா,

அடிக்‌ஷன் இல்ல. அடிக்‌ஷன்னா வேலை கெடும், பசங்களை கவனிக்கத் தோணாது, அது இல்லாம கை நடுங்கற மாதிரி ஆகும். நீங்க ஷிப்மெண்ட்டையும் பாக்குறீங்க, வீட்டையும் பாக்குறீங்க, அப்புறம்தான் எழுதுறீங்க.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். வலிக்குதுன்னு நீங்க சொன்னது எல்லாமே புக்கு வந்ததுக்கு அப்புறம் நடந்தது, முப்பதாயிரம், ராயல்டி, சொந்தக்காரங்க, சின்ன மாமியார். எழுதுறப்போ கஷ்டமா இருந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்லம்மா. எழுதுறதும் புக்கு போடுறதும் வேற வேற வேலை, நீங்க ரெண்டாவதுல அடி வாங்கிட்டு முதலாவதை டெலிட் பண்ணிட்டீங்க.

எங்க துறையில ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1971ல எட்வர்ட் டெசின்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், காலேஜ் பசங்க கிட்ட சோமான்னு ஒரு புதிர் விளையாட்டைக் குடுத்தாரு. ஒரு குரூப்புக்கு நடுவுல கொஞ்ச நேரம் மட்டும் ஒரு புதிர் முடிச்சா ஒரு டாலர்னு காசு குடுத்துட்டு அப்புறம் நிறுத்திட்டாரு. காசு நின்னதும், ஓய்வு நேரத்துல அவங்க அந்தப் புதிரைத் தொடுறதே குறைஞ்சு போச்சு. முன்னாடி சும்மா ஆசைக்கு பண்ணிட்டிருந்தவங்கதான். உங்களுக்கும் கிட்டத்தட்ட இதான் நடந்திருக்கு, உங்க விஷயத்துல காசு வரவும் இல்ல, ஆனா 25 ரூபாய்ங்கற கணக்கு உள்ள வந்துருச்சு. அந்தக் கணக்குல பாத்தா தமிழ்ல நாவல் எழுதுற முக்காவாசிப் பேர் நாளைக்கே நிறுத்தணும்.

எழுத்தாளர் பெருமாள்முருகனைப் பாருங்க. 2015 ஜனவரியில, 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பு தாங்க முடியாம "எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்"ங்கற அர்த்தத்துல ஃபேஸ்புக்ல அறிவிச்சாரு. 2016 ஜூலையில சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு அவர் பக்கம் வந்துச்சு. வந்த கொஞ்ச நாள்லயே 'கோழையின் பாடல்கள்'னு கவிதைத் தொகுப்பு வருது, எல்லாம் அந்த மௌன காலத்துல எழுதினது. எழுத்தாளனே இல்லன்னு ஊருக்குச் சொல்லிட்ட மனுஷன், புக்கா வருமான்னே தெரியாம உள்ளுக்குள்ள எழுதிக்கிட்டுதான் இருந்திருக்காரு. அவரோட கஷ்டமும் உங்களோடதும் ஒண்ணுன்னு சொல்ல வரல, நிறுத்துறேன்னு அறிவிக்கறதும் நிக்கறதும் ஒண்ணா நடக்கறதில்லன்னு மட்டும் சொல்றேன்.

பஸ்ல அந்த ரெண்டு பொம்பளைங்க பேசினதைப் பல பேர் கேட்டிருப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் எடுத்து வச்சீங்க. நாள் முழுக்க பையர் சொன்னதுக்கு "யெஸ் சார், நோட்டட்"னு பதில் போடுற ஒரு ஆளுக்கு, ராத்திரி ஒரு மணி நேரம் தன் இஷ்டப்படி ஒரு உலகத்தை நடத்துற இடம் இருக்குன்னா அதை சும்மா விட மனசு வராது, வரவும் வேணாம். நான் யாருன்னு கேட்டீங்கல்ல, அந்தக் கேள்விக்கு எழுதி முடிச்சவங்களுக்கே பதில் கிடைக்கறது கஷ்டம், அதை இப்போ ஓரமா வைங்க.

வீட்டுக்காரர் கேக்கறது இலக்கியக் கேள்வி இல்லம்மா, சீட்டுப் பணக் கேள்வின்னு எனக்குத் தோணுது. அதுல அவர் பக்கம் நியாயமும் இருக்கு. அடுத்த கதைக்கு வீட்டுக் காசு ஒரு ரூபா கூட எடுக்க மாட்டேன்னு நீங்களே சொல்லிருங்க, காசு கேக்காத பதிப்பகம் கிடைக்கற வரைக்கும் அது போன்லயே இருக்கட்டும். பத்திரிகைக்கு சிறுகதையா அனுப்பிப் பாருங்க, தபால் செலவு கூட இல்ல, இப்போ எல்லாம் ஈமெயில்தான். சின்ன மாமியார் கிட்ட விளக்கம் குடுத்துட்டே இருக்காதீங்க, ஒரு தடவை சொல்லியாச்சுன்னா போதும் (அந்தக் கிழவி நல்லா வந்திருக்காங்கன்னு தெரியுது!).

தூக்கத்தைப் பத்தி அவர் சொன்னதை மட்டும் நானும் சொல்றேன். தினமும் முழிக்காதீங்க, வாரத்துல ரெண்டு மூணு ராத்திரின்னு வச்சுக்கங்க. எழுதாத நாள்லயும் தூக்கம் வரல, சாப்பாடு பிடிக்கல, பசங்க கூட சிரிக்கக் கூடத் தோணலன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா அது எழுத்து சம்பந்தப்பட்டது இல்ல, நேர்ல ஒரு மனநல டாக்டரைப் பாருங்க. டெலிட் பண்ணினதை போன்ல 'ட்ராஷ்'ல தேடிப் பாருங்க, பல ஆப்ல கொஞ்ச நாள் வரைக்கும் இருக்கும்.