டிஜே மிக்ஸை வானொலியில் இடம்பெறச் செய்வது எப்படி?

ஒரு மணி நேர மிக்ஸ் (பாடல்களை ஒன்றோடொன்று இணைத்துத் தொடர்ச்சியாக ஓடவிடும் தொகுப்பு) தயாராக இருக்கிறது, அதை எந்த வானொலிக்கு, எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய நிலையங்களைவிடச் சமூக வானொலியிலும் இணைய வானொலியிலும் முயல்வதே நல்லது. அங்கே விருந்தினர் மிக்ஸுக்கு இடம் தரும் நிகழ்ச்சிகள் நிறைய உண்டு. நிலையத்தின் பொது முகவரிக்கு அனுப்பினால் யார் கண்ணிலும் படாமல் போகலாம். உங்கள் பாணி இசையை வாராவாரம் போடுகிற தொகுப்பாளருக்கே எழுதுங்கள். அதற்கு முன் அவருடைய நிகழ்ச்சியை நாலைந்து முறையாவது கேட்டுவிடுங்கள். கடிதம் நாலு வரி போதும். ஒலிக்கோப்பை இணைக்காமல், கேட்பதற்கான இணைப்பை மட்டும் கொடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பாடல் பட்டியலில்தான். ஒலிபரப்பும் பாடல்களுக்கு நிலையங்கள் உரிமத்தொகை கட்டுகின்றன. எதைப் போட்டோம் என்று கணக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பாடலுக்கும் தொடங்கும் நேரம், கலைஞர், தலைப்பு, ரீமிக்ஸ் செய்தவர், வெளியீட்டு நிறுவனம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வையுங்கள். கெட்ட வார்த்தை இருந்தால், அதை நீக்கி வானொலிக்கென வெளியிடும் வடிவமான ரேடியோ எடிட்டைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் ஒலி. உச்ச ஒலியில் சிதறல் இருக்கவே கூடாது. நிலையம் தன் பங்குக்கு மறுபடியும் கம்ப்ரஸ் செய்யும், அதாவது சத்தமான இடத்துக்கும் மெதுவான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் என்பதால், ஏற்கெனவே நசுக்கிய மிக்ஸ் இன்னும் மோசமாகக் கேட்கும். ஐரோப்பிய ஒலிபரப்பில் ஆர்128 என்ற ஒலியளவு நெறிமுறை பரிந்துரைக்கும் சராசரி அளவு -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). இடது, வலது ஒலிகளை ஒன்றாக்கும் மோனோவிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிக்னல் பலவீனமானால் பல எஃப்எம் பெட்டிகள் மோனோவுக்கு மாறிவிடும்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரேயொரு முறை நினைவூட்டலாம்.